மகள் பெயரில் நான் கொடுத்த வேலை

1

கயலுக்கும் பிரபுவுக்கும் அப்பா எழுதுவது.

எங்கள் கம்பெனியில் கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார் யார் எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தார்களோ, அந்த மாதத்தில் அவர்களை ஆபீசுக்குக் கூப்பிட்டு மொத்தமாக ஒரு கேக் வெட்டுகிறார்கள். எச்.ஆர். டிபார்ட்மெண்ட் செய்கிற ஏற்பாடு. நான் ஷார்ஜாவில் வந்து இறங்கிய மாதம் இது என்பதால் போன வாரம் என்னையும் கூப்பிட்டார்கள். ஸ்டோரில் ஏ.சி. காற்று போகிற தகர டக்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவன், கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். எச்.ஆர். மேடம் என் கையில் பேப்பர் தட்டைக் கொடுத்து, தோளில் தட்டி, எல்லோரும் சேர்ந்து நில்லுங்கள், போட்டோ என்றார்.

அந்தப் போட்டோவைத்தான் அம்மாவுக்கு அனுப்பினேன். பிரபு, நீ அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி நிக்கறீங்க?" என்று கேட்டாய். நான் வெயில் கண்ணில் அடித்தது என்றேன். ஆபீசுக்குள் ஏது வெயில்? போட்டோவின் அந்தக் கோடியில் கட்டம் போட்ட சட்டையில் நிற்பவன் ஆரோக்கியசாமி. அவனும் இதே மாதம் வந்தவன்தான், எனக்குச் சில வருஷம் பின்னால். எப்போதும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் போட்டோவுக்கு நிற்பான். இந்த முறை நடுவில் இத்தனை பேரை விட்டு ஏன் அங்கே போய் நின்றான் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கயலுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவள் உன்னிடம் சொல்லமாட்டாள். அம்மாவிடமும் பாதிதான் சொல்லியிருக்கிறாள். போனில் நானே சொல்லலாம்தான். பேச ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும்.

2

எச்.ஆர். என்றால் உங்களுக்கு ஒரு பாடம். எங்களுக்கு அது ஒரு கதவு.

முதல் மாடியில் கண்ணாடிக் கதவு. அந்தக் கதவுக்குள் கூப்பிட்டால் ஒன்று ஊருக்கு அனுப்புவார்கள், இல்லை என்றால் எதிலாவது கையெழுத்துக் கேட்பார்கள். நான் இங்கே ஸ்டோர் கீப்பர். என் லேபர் கார்டில் போட்டிருப்பது மேசன், அதாவது கொத்தனார். வரும்போது கொத்தனார் விசாதான் காலியாக இருந்தது, அதில் ஏற்றிவிட்டார்கள். மாற்றிக் கொடுங்கள் என்று ஒவ்வொரு முறை கார்டு புதுப்பிக்கும்போதும் கேட்பேன். அடுத்த முறை பார்க்கலாம் என்பார்கள். உங்களை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ளக் கொத்தனார் கார்டு போதாது என்பதால்தான் நீங்கள் அஸ்தினாபுரத்திலும் நான் இங்கேயுமாக இருக்கிறோம். இதை மாற்றுகிற அதிகாரம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் இருக்கிறது என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கயல், நீ காலேஜில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் போனில், "மைனர் எடுக்கணும்பா, மெயின் காமர்ஸ்தான், மைனர் எச்.ஆர். எடுத்துக்கறேன்" என்றாய். எனக்குத் தெரிந்த மைனர் சில்க் ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாக ஊர் சுற்றுகிறவர். நீ சிரித்துவிட்டு, பெரிய பாடத்தோடு கூடப் படிக்கிற சின்னப் பாடம், மனிதவள மேலாண்மை, வாரத்தில் கொஞ்சம் வகுப்புதான் இருக்கும் என்று விளக்கினாய். நான் மைனரையும் விட்டேன், சின்னப் பாடத்தையும் விட்டேன். எச்.ஆர். என்ற இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் அந்தக் கதவுக்கு உள்பக்கம் உட்காரப் போகிறாள்!

பிறகு இந்த வருஷம் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சுவிட்ச் செய்கிற கம்பெனியில் உனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டேன். அட்டெண்டன்ஸ் ஏற்றுவது, பழைய ஃபைல்களை அடுக்குவது, யாருக்குப் பிறந்தநாள் என்று பார்த்துப் போர்டில் எழுதுவது என்றாய். நீ ஒளிக்காமல்தான் சொன்னாய். அன்று ராத்திரி மெஸ்ஸில் சாப்பிடும்போது நான் சொன்னது வேறு.

"பொண்ணு எச்.ஆர்.ல இருக்கா. சானடோரியத்துல."

படிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். பயிற்சி என்று சொல்லியிருக்கலாம். இருக்கிறாள் என்றேன்.

3

ஆரோக்கியசாமிக்கு வண்டலூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். வேலையில் அவன் வெல்டர், அறையில் எனக்குக் கீழ்க் கட்டில். அவன் மனைவி ஸ்டெல்லா ஊரப்பாக்கத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போடுகிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே கடைதான். பில் கவுண்டர்களுக்கு எல்லாம் அவள்தான் சீனியர், புதுசாக வருகிற பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவள்தான். ஆனால் நாள் முழுக்க நிற்க வேண்டும். உட்கார முக்காலி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கால் வீங்கி, செருப்புக்குள் போகாதாம்.

மெஸ்ஸில் நான் சொன்ன சொல் அவன் காதில் விழுந்தது. அடுத்த விடுமுறை நாள் அவன் சமையல் முறை. மீன் குழம்பு வைத்தான். என் தட்டில் ரெண்டு துண்டு போட்டுவிட்டுத்தான் கேட்டான்.

"அண்ணா, நம்ம பாப்பா கம்பெனில பொம்பளைங்களுக்கு உக்காந்து செய்ற வேல இன்னா மாரி கீது?"

"சுவிட்ச்சு கோக்கற வேலைதான்டா. உக்காந்தே செய்யலாம்."

"ஸ்டெல்லாவுக்கு ஒண்ணு சொல்லிப் பாக்கறியா? பொழுதன்னிக்கும் நின்னுகினே கீது. போன்ல மூஞ்சியப் பாக்க முடியலண்ணா."

பக்கத்தில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி எனக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் குழம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

"அனுப்புடா. நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன், முடிஞ்சுது."

"நெஜமாவாண்ணா? இன்டர்வியூ கின்டர்வியூ எதுனா..."

"என் பொண்ணு இருக்கும்போது என்னடா இன்டர்வியூ? திங்கக்கிழமை போயி நிக்கச் சொல்லு."

அன்றைக்கே கயலுக்கு மெசேஜ் போட்டேன். ஸ்டெல்லா என்று ஒரு அக்கா வருவாங்க, நம்ம சாமியோட வீட்டுக்காரம்மா, பார்த்துக்கோ என்று. நீ படித்தாய், பதில் போடவில்லை. நீ இப்போதெல்லாம் என் மெசேஜுக்குப் பதில் போடுவதில்லை, பிரபுவும் போடுவதில்லை, நான் போன் செய்தால் "அம்மாகிட்ட தரேன்பா" என்பதுதான் நம் மொத்தப் பேச்சு. அதனால் பதில் வராததை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நம் வீட்டில் அப்பா சொல்லிவிட்டால் ஆயிற்று என்று இருந்துவிட்டேன். உன்னைக் கேட்கவே இல்லை, கயல். சொன்னேன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. போய்ப் பார் என்றால் ஸ்டெல்லா போய்ப் பார்த்துவிட்டு வருவாள் என்று நினைத்தேன். முடிஞ்சுது என்று நான் சொல்லியிருந்தேனே. அவள் சனிக்கிழமையே கடை மேனேஜரிடம் போய், திங்களிலிருந்து வரமாட்டேன் சார் என்று சொல்லிவிட்டாள்.

4

திங்கட்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. கயல் அழுதுகொண்டே சொன்னதையும், பிறகு ஸ்டெல்லா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஸ்டெல்லா மாதா கோவிலுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, வண்டலூரில் ரயிலேறி சானடோரியத்தில் இறங்கி, கம்பெனி கேட்டில் போய் நின்றிருக்கிறாள்.

"எச்.ஆர். மேடம் கயல்விழியப் பாக்கணும்ணா."

செக்யூரிட்டிக்குப் புரியவில்லை. "கயல்விழியா? அப்படி மேடம் யாரும் இல்லியேம்மா. ஓ, அந்த டிரெய்னிங் பொண்ணா? காலேஜ் பொண்ணும்மா அது, மேடமாம் மேடம்!" என்று சிரித்துவிட்டு உள்ளே போன் போட்டிருக்கிறார்.

கயல் இறங்கி வரும்போது அவளுக்குப் பின்னாலேயே அந்த டிபார்ட்மெண்டின் பெரியவர், அவள் கணேசன் சார் என்று சொல்பவர், வேறு ஏதோ வேலையாகக் கேட்டுக்கு வந்திருக்கிறார். ஸ்டெல்லா நேரே கயலின் கையில் பழப்பையைக் கொடுத்திருக்கிறாள்.

"பாப்பா, உங்க அப்பா அனுப்புனாரு. நான் ரெடியா வந்துட்டேன். எங்க உக்காரணும்?"

கணேசன் சார் பையைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி என் மகளைக் கேட்டிருக்கிறார்.

"என்னம்மா இது? வந்து ரெண்டு வாரம் ஆகல, வெளிய ஆள் எடுக்க ஆரம்பிச்சாச்சா? பழம் வேறயா? காலேஜ்ல இதத்தான் சொல்லித் தராங்களா?"

"இல்ல சார்... எனக்குத் தெரியாது சார்..."

"தெரியாமத்தான் உன் பேரச் சொல்லிக் கேக்கறாங்களா? நாங்க இப்ப யாரையும் எடுக்கல. முதல்ல அவங்கள அனுப்பிட்டு வா, பேசிக்கலாம்."

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பயிற்சி முடியும்வரை கயல் ஆட்களோடு பேசும் வேலை எதற்கும் போகக்கூடாது, ஃபைல் அறையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மனிதர்களைப் பற்றிய பாடம் படிக்கப் போனவளை நான் அலமாரிகளோடு உட்கார வைத்துவிட்டேன்.

கயல் ஸ்டெல்லாவை எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். ஸ்டெல்லா கேட்டாள், "இன்னா பாப்பா, அந்த சார் அப்டி பேசுறாரு? அப்பா உங்கிட்ட சொல்லலியா?"

அங்கேதான் கயல் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"சொன்னாங்கக்கா. அப்பா சொன்னாங்க. நான்தான் சார்கிட்ட கேக்க லேட் பண்ணிட்டேன். கொஞ்ச நாள் ஆகும், கூப்பிடறோம்."

5

அன்று மதியம் நீயாகவே எனக்கு போன் செய்தாய், கயல். நீயாக போன் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று! ஸ்டோரில் இருந்தவன் சந்தோஷமாக எடுத்தேன். நீ ரொம்ப நேரம் பேசவில்லை. அழுதாய். பிறகு கேட்டாய்.

"ஏம்பா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நீதான் எச்.ஆர். படிக்கறியேம்மா..."

"அப்பா, அது ஒரு மைனர் பேப்பர்பா! எனக்கு அங்க உக்கார சேர் கூடக் கிடையாது. மெடிக்கல் படிக்கற முதல் வருஷப் பொண்ண ஆபரேஷன் பண்ணச் சொல்லுவீங்களா?"

கணேசன் சாருக்கு நான் போன் பண்ணிப் பேசட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, வேண்டாம்பா" என்றாய். பிறகு நீ சொன்னதுதான் முக்கியம்.

"என்னை விடுங்க. அந்த அக்கா வேலைய விட்டுட்டு வந்துருக்காங்க. அவங்க கடை மேனேஜர் இந்த வாரம் வரைக்கும் வேற ஆள் போட மாட்டேன், யோசிச்சுட்டு வான்னு சொல்லியிருக்காராம். நான் அப்படிச் சொல்லித் தொலைச்சுட்டேன், அவங்க நம்பிட்டுப் போயிட்டாங்க. நீங்க இன்னிக்கே சாமி அண்ணாகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. அவங்க நாளைக்கே கடைக்குப் போயிடட்டும்."

சரி என்றேன். அன்றைக்கு நான் சொல்லவில்லை.

சாமி அன்று வேலை முடிந்து வந்து, "ஸ்டெல்லா போன் பண்ணுச்சுண்ணா. பாப்பா தங்கமாம், டீ வாங்கிக் குடுத்து அனுப்புச்சாம். கொஞ்ச நாள் ஆவுமாமே, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே என் துணியையும் சேர்த்துத் துவைக்க எடுத்துப் போனான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நானே வேறு வழி பார்க்கலாம், ஸ்டெல்லாவுக்கு வேறு எங்காவது ஒரு வேலை பிடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். குரோம்பேட்டையில் தையல் யூனிட் வைத்திருக்கிற பழைய நண்பனுக்கு போன் செய்தேன். மெஷின் ஓட்டத் தெரியுமா என்றான், தெரியாது. தாம்பரத்தில் ஜவுளிக்கடையில் இருக்கிற உங்கள் சித்தப்பாவைக் கேட்டேன். "இங்கயும் நிக்கற வேலதாண்ணே" என்றார்.

கயல் தினமும் காலையில் மெசேஜ் போட்டாள். "சொல்லிட்டீங்களா அப்பா?" என் மெசேஜுக்குப் பதிலே போடாத பெண். தினமும் நான் பதில் போடாமல் இருந்தேன்.

சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஸ்டோருக்குப் பின்னால் வெல்டிங் கம்பிகள் அடுக்கியிருக்கிற இடத்துக்கு அவனைக் கூப்பிட்டேன்.

"சாமி, அந்த வேலை வராதுடா."

"இன்னாண்ணா? லேட்டாவும்னுதான..."

"லேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. கயல் அங்க வேலையில இல்ல. படிக்கற பொண்ணு, பழகப் போயிருக்கா. அவளக் கேக்காமலே நான் சொல்லிட்டேன். அவளுக்கே திட்டு விழுந்துடுச்சு. என்னை விட்டுக்குடுக்க மனசு வராம ஸ்டெல்லாகிட்ட அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கா."

அவன் கையில் இருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை." அவன் அதையே திருப்பிச் சொன்னான். "நேத்து கூட ஸ்டெல்லா கேட்டுச்சு, கடைக்குத் திரும்பிப் போயிடட்டான்னு. நான்தான் அதட்டுனேன். அண்ணன் சொன்னா சொன்னதுதான், மூடிகினு இருன்னேன்."

கோபமாகத் திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்கு போன் போட்டான். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு பேசினான். திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தான். அன்று முதல் அவன் என்னோடு சண்டை ஒன்றும் போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறான். தானாக எதுவும் பேசுவதில்லை.

6

ஸ்டெல்லா அன்று சாயங்காலமே கடைக்கு ஓடியிருக்கிறாள். மேனேஜர் மதியம்தான் கவுண்டருக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார். இத்தனை வருஷம் இருந்தவள் என்பதால் துரத்தவில்லை. ஆனால் விட்டுப் போனவள் திரும்பி வந்தால் புது ஆளாகத்தான் சேர வேண்டும், அதுதான் கடையின் விதி என்றாராம். காலை ஷிப்ட் போய்விட்டது. சீனியர் என்பதும் போய்விட்டது. கழுத்தில் டிரெய்னி என்று கார்டு.

இதை எனக்கு சாமி சொல்லவில்லை. கயல் சொன்னாள். அவள் ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்துக்குப் போய், அந்தக் கவுண்டரில் வரிசையில் நின்று, ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு ஸ்டெல்லாவிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு தைரியம் வந்தது. ஸ்டெல்லாவின் நம்பரை சாமியிடம் கேட்க வெட்கப்பட்டு, கயலிடம் வாங்கி, போன் செய்தேன். மன்னிச்சுக்கோம்மா என்றேன்.

"வுடுங்கண்ணா. நீங்க நல்லதுதான் நெனச்சீங்க."

"கால் எப்படிம்மா இருக்கு?"

"அது கீது, அப்டியேதான். நான் பில் போடக் கத்துக்குடுத்த பொண்ணு, அதுதான் இப்ப எனக்கு சீனியரு. அதுங்கிட்டதான் லீவு கேக்கணும். அதுக்கே ஒரு மாரியா கீது, அக்கா அக்கான்னு தலையக் குனிஞ்சிகினே பேசுது. பாவம்."

கயல் அன்று உன்னிடம் பொய் சொன்னது என்னால்தான், அவளைத் தப்பாக நினைக்காதே என்றேன்.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கே தெரியும்ணா எனக்கு. டீ கிளாஸயே பாத்துகினு பேசுது, கண்ணுல தண்ணி நிக்குது, பாப்பாவுக்குப் பொய்யே வரல. இது நடக்காதுன்னு மனசுல பட்டுச்சு. ஆனா நீங்க பெரியவரு, நீங்க சொன்னீங்களே. அதனால பாப்பாவ நம்பாம உங்கள நம்புனேன்."

பிரபு, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். போட்டோவில் நான் நின்ற நிலைக்கு வேறு காரணம் இல்லை.

கயல், உன் பயிற்சி அறிக்கையில் எழுதுவதற்கு ஃபைல் அறையைத் தவிர எதுவும் இல்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். நடந்ததையே எழுது. எங்கள் பெயர்களை மாற்றிக்கொள், என்னை மட்டும் நல்லவனாக மாற்றாதே. இனி நான் ஏதாவது உளறி யாராவது உன் வாசலில் வந்து நின்றால், அப்பா சொன்னது தப்பு என்று அவர்கள் முகத்தைப் பார்த்து அந்த நிமிஷமே சொல்லிவிடு. திங்கட்கிழமையே நீ என்னை விட்டுக்கொடுத்திருந்தால் ஸ்டெல்லா செவ்வாய்க்கிழமை காலையில் தன் கவுண்டரில் நின்றிருப்பாள்.

அப்பா.